பக்கம் நாற்பத்தொன்று முதல் எழுபத்தொன்பது வரை

சுகாதாரத் துறையின் மூன்றாம் மாடியில் அவருக்குச் சுவர் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் இல்லை, மரியாதைக்கு வைத்தது. எந்தத் துறை எவ்வளவு வேகமாக ஒரு கோப்பை எறிந்தாலும், அவர் மேசையில் பட்டதும் அதே வேகத்தில் எறிந்தவர் மடிக்கே அது திரும்பிப் போகும். இருபத்தாறு வருஷ வேலையில் தன் துறைக்கு வேண்டாத ஒரு காகிதத்தைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. புதிதாகச் சேர்கிறவர்களிடம், "சுவர் சார் எழுதின குறிப்பை நாலு தடவை படிங்க, வேலை தானா வந்துரும்" என்பார்கள். அது காதில் விழாதது மாதிரி அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். உள்ளுக்குள் குளிரத்தான் செய்யும். மனுஷன்தானே!

அவர் மேசைக்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்பு போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வரைவு வந்தது. அது வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி ஆணையம் இருந்தது. கள்ளச் சரக்கைப் பிடிப்பதும் அதன் வேலை, ஆஸ்பத்திரிகளுக்கு மார்ஃபின் வாங்க உரிமம் கொடுப்பதும் அதன் வேலை. சீரமைப்பு என்று சொல்லி ஒருநாள் அந்த ஆணையத்தைக் கலைத்துவிட்டார்கள். கலைக்கிறவர்கள், இனி இந்த வேலை யார் தலையில் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கலைக்கக் கூடாதோ? புதுச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். புதுச் சட்டமும் எழுதியாகிவிட்டது. மொத்தம் அறுபத்திரண்டு பிரிவு. ஆனால் மூன்றாம் பிரிவு மட்டும் இப்படி இருந்தது: 'இச்சட்டத்தை ................ துறை நிர்வகிக்கும்.' பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று கேட்பார்களே, அதேதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாவது, விடை தெரியாவிட்டால் வாயில் வந்ததை எழுதி வைக்கும். இவர்கள் அதுகூடச் செய்யவில்லை.

உள்துறைக்குப் பிடிக்கிற அதிகாரம் வேண்டும், உரிமம் எழுதுகிற காகித வேலை வேண்டாம். கலால் துறைக்கு இரண்டுமே வேண்டாம். எங்களிடம் ஆளே இல்லை என்று கையை விரித்தது. சுகாதாரத் துறைக்கு மருந்து என்ற வார்த்தை பிடிக்கும், போதை என்ற வார்த்தையைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். நாளைக்கு எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு குப்பி காணாமல் போனால் சட்டசபையில் எழுந்து நின்று பதில் சொல்லப் போவது யார்? அந்தக் கேள்விதான் மூன்று துறைகளையும் பின்வாங்க வைத்தது.

மூன்று துறைகளின் கட்டடங்களிலும் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. ஒரு கோப்பின்மேல் வரவு முத்திரை குத்தி, வரவுப் பதிவேட்டில் எண் போட்டுவிட்டால் அது அந்தத் துறையின் பிள்ளை. பிறகு நல்லது கெட்டது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதனால் வம்பான கோப்பு வந்தால் யாரும் முத்திரையைத் தொட மாட்டார்கள். 'பார்வைக்கு மட்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, அதில் பென்சிலால் கருத்து எழுதி, அடுத்த துறைக்குத் தள்ளிவிடுவார்கள். பென்சில் ஏனென்றால், நாளைக்கே நான் எழுதவில்லை என்று சாதிக்கலாம். பதின்மூன்று மாதத்தில் இந்தக் கோப்பில் முப்பத்தெட்டு துண்டுச் சீட்டு சேர்ந்திருந்தது. ஒரு சொட்டு மை கிடையாது.

கோப்பு தூக்குகிற அம்மாள் ஒருத்தி உண்டு, ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. மூன்று கட்டடங்களுக்கும் நடந்து நடந்து அலுத்துப்போய் ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். "இதைச் சுமந்து சுமந்து என் தோளு ஒரு பக்கமா எறங்கிப்போச்சு சார். யாராவது ஒருத்தர் வெச்சுக்கங்களேன், புண்ணியமாப் போகும்."

"நீங்களே வெச்சுக்கங்கம்மா" என்று சுவர் சொன்னதும் பிரிவே சிரித்தது.

இத்தனைக்கும் முதல் துண்டுச் சீட்டு அவர் எழுதியது. அது கொஞ்சம் பிரபலமான சீட்டு. 'மருந்து என்ற அளவில் இது எங்களுடையது. போதை என்ற அளவில் இது எங்களுடையதன்று. இச்சட்டம் போதையைப் பற்றியது.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். உள்துறை அதைப் படித்துவிட்டு அசந்துபோய், இதே பாணியில் நாமும் எழுதலாமே என்று, 'குற்றம் என்ற அளவில் எங்களுடையது, மருந்து என்ற அளவில் எங்களுடையதன்று' என்று எழுதியது. கலால் துறையும் தன் பங்குக்கு ஒன்று எழுதியது. ஆளாளுக்கு அவர் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவரவர் வாசலைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தச் சீட்டு எழுதிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போனபோது அவருக்கு எட்டு வயது. அன்றிலிருந்து குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு, பரீட்சைக்குப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே தூங்காமல் காவல் இருந்து, அவரை ஆளாக்கியவள் அவள்தான். ஆபீஸில் எது நடந்தாலும் அவளிடம் சொன்னால்தான் அவருக்கு அது நடந்த மாதிரி. அன்றைக்கும் அந்த மூன்று வாக்கியங்களை அப்படியே ஒப்பித்துக் காட்டினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டிச் சிரித்தாள். "டேய், நீ வக்கீலுக்குல்லடா படிச்சிருக்கணும்! யாரும் உன்கிட்ட நெருங்க முடியாதுபோல!"

ஆறு மாதம் கழித்து அக்கா முதுகில் வலி என்றாள். தைக்கிற மெஷின்முன் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டார்கள். அப்படி விட்டது தப்பாகப் போயிற்று. வயிற்றில் ஆரம்பித்த புற்று எலும்புவரை போயிருந்தது. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கணக்கு டீச்சராக இருக்கிற அக்கா மகள், லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் வலி வார்டில் சேர்த்தாள். ஆறாம் கட்டில்.

ஏழாம் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். பேருந்து நிலையத்தில் பேப்பர் விற்றவளாம். பார்க்க யாரும் வந்ததாகத் தெரியவில்லை. வலி வரும்போது அவள் போடுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். அக்கா சத்தம் போட மாட்டாள். ஒரு துண்டை வாயில் கடித்துக்கொள்வாள். தம்பி வருகிற நேரம் பார்த்துத் துண்டை எடுத்து மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவாள். ஒருநாள் அவர் தலையணையைச் சரிசெய்யப் போனபோது அது கையில் வந்தது. ஓரமெல்லாம் பல் பட்டுக் கிழிந்திருந்தது.

"மாமா, நீங்க டாக்டர்கிட்ட பேசிப் பாருங்க. நான் கேட்டா மாத்திரை மட்டும்தான் தர்றாங்க" என்றாள் அக்கா மகள். "அம்மா ராத்திரி பூரா கண்ணை மூடல. பொறுத்துக்கிறாங்க, பொறுத்துக்கிறாங்க, எவ்ளோதான் பொறுப்பாங்க?"

வலி டாக்டர் என்று வார்டில் எல்லோரும் சொல்கிற அந்த அம்மாள் ஒல்லியாக, நடையில் ஓட்டமாக இருந்தார். அவரை வராந்தாவில் மடக்கி நிறுத்தி, சுவர் தன் ஆபீஸ் குரலில் கேட்டார். "இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு வலி மருந்து இல்லையா? இந்த மாத்திரை எதுக்கு ஆகும்?"

"எதுக்கும் ஆகாது" என்றார் டாக்டர். "இந்த வலிக்கு மார்ஃபின் வேணும். அது இருந்தா உங்க அக்கா இன்னிக்கே தூங்குவாங்க. எத்தனை நாள் இருப்பாங்கன்னு என்னால மாத்த முடியாது. ரெண்டு மாசம் இருந்தா அதிகம். ஆனா அந்த நாளு எப்படிப் போகும்கறதை மாத்தலாம். மருந்து இல்ல சார். பதினோரு மாசமா இல்ல."

"ஏன் இல்ல?"

"வாங்க உரிமம் வேணும். உரிமம் கொடுக்கற ஆபீஸை மூடிட்டாங்க. கையிருப்பு ரெண்டு மாசம் வந்துச்சு, தீந்துபோச்சு. இனிமே யார் கொடுப்பாங்கன்னு கேட்டு மாசம் ஒரு கடிதம் எழுதறேன். ஒவ்வொண்ணும் மூணு பக்கம். பதிமூணு கடிதம் போட்டாச்சு. ஒருத்தர் ஒரு வரி பதில் போடல. யாராவது அதைப் படிக்கறாங்களான்னே தெரியல." சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"எழுத்து வேலைதான்" என்றார் சுவர்.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது. அந்த முப்பத்தொன்பது பக்கம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? மாதம் ஒருமுறை தபாலில் அந்தக் கடிதம் வரும். உறையைப் பிரித்து, பொருள் வரியைப் பார்த்து, 'கோப்புடன் சேர்க்கவும்' என்று எழுதி, கோப்பு அவர் மேசைக்கு வருகிற நாளில் நூல் கோத்துச் சேர்த்து, மூலையில் சிவப்பு மையால் பக்க எண் போடுவார். அட்டவணையில் எழுதியதும் அவர்தான்: 'பக்கம் 41 முதல் 79 வரை, இதர கடிதங்கள்.' ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை. கோப்பே நமது இல்லை, அதில் சேர்கிற கடிதத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்? அப்படித்தான் அவர்கள் எல்லோரும் வேலை பார்த்தார்கள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போய்க் கோப்பை இறக்கி நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். டாக்டருக்கு அரசாங்கத்துக்கு எழுதவே வரவில்லை. மேற்படி, மேற்காண் என்ற பேச்சே கிடையாது. 'கட்டில் 4. தச்சர். வயது 51. வலி பொறுக்காமல் நேற்று நாக்கைக் கடித்துக்கொண்டார், தையல் போட்டோம். கட்டில் 9. கல்லூரியில் படிக்கும் பெண். அவள் அம்மா என் காலில் விழுந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.' மாதா மாதம் கட்டில்கள் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். போன மாதம் இருந்தவர் இந்த மாதம் இல்லாவிட்டால், எப்படிப் போனார் என்று ஒரு வரி. ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடிந்தது: 'உரிமம் தர முடியாவிட்டால், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையாவது தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' எழுபத்தொன்பதாம் பக்கத்தில் ஆறாம் கட்டில் இருந்தது. 'ஓய்வுபெற்ற தையல்காரர். வயது 65. சத்தமே போடுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.'

அந்தப் பக்கத்தின் மூலையில் அவர் கையெழுத்தில், அழகாக, உருண்டையாக, 79. நாசமாய்ப் போக! அவர் தன்னைத்தான் அப்படித் திட்டிக்கொண்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். கோப்பு தூக்குகிற அம்மாள் உள்ளே வந்தவள், ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் தலைமைச் செயலாளர் அறையில் இதே விஷயமாக நான்காவது கூட்டம். நீள மேசையைச் சுற்றி மூன்று செயலாளர்கள், அவரவர் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாகப் போட்ட நாற்காலிகளில் கோப்பு வைத்துக்கொண்டு அவரவர் ஆட்கள். பின் நாற்காலிக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாது; சொல்ல வேண்டியிருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் நீட்டலாம். உள்துறைச் செயலாளர் ஆரம்பித்தார். "சுகாதாரத் துறையே தெளிவா எழுதியிருக்காங்க. மருந்து என்ற அளவில் எங்களுடையதுன்னு. அப்ப உரிமம் அவங்களுதுதானே?" கலால் துறைச் செயலாளர் அதே சீட்டை எடுத்தார். "போதை என்ற அளவில் எங்களுடையதன்றுன்னும் எழுதியிருக்காங்களே. அப்ப எல்லாமே உள்துறைக்குத்தானே போகணும்?" தலைமைச் செயலாளர் சிரித்தார். "யாருங்க எழுதினது? நல்லா எழுதியிருக்கார்." நாலைந்து தலைகள் சுவரைத் திரும்பிப் பார்த்தன. இன்னொரு நாளாக இருந்தால் அவர் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். அன்று நாற்காலிக்குள்ளேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

ஒரு சீட்டில் 'நாம் ஏற்றுக்கொள்ளலாம் மேடம்' என்று எழுதி முன்னால் நீட்டினார். அவருடைய செயலாளர் அம்மாள் அதைப் படித்தார், திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார், நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்தது. மேலும் ஆராயலாம், இரண்டு மாதம் கழித்துக் கூடலாம் என்று முடிவு. இரண்டு மாதம் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்!

வெளியே வந்ததும் செயலாளர் அம்மாள் தணிந்த குரலில் கேட்டார். "என்ன ஆச்சு உங்களுக்கு? எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் ஏன் போனார்னு தெரியும்ல? ஒரு ஆஸ்பத்திரியில பன்னெண்டு குப்பி காணாமப் போச்சு. அவர் அந்தக் குப்பியைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல. சஸ்பெண்ட் பண்ணி, விசாரணை வெச்சு, மனுஷனை நடுத்தெருவுல நிறுத்திட்டாங்க. இன்னும் கேஸ் முடியல. எனக்கு அது வேண்டாம். நாளைக்கே திருப்பி அனுப்பிடுங்க."

"சரிங்க மேடம்" என்றார் அவர். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா துண்டை மறைக்கவில்லை. அவர் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது. விரல்கள் கட்டிலின் இரும்பைப் பிடித்துப் பிடித்து விட்டன. அக்கா மகள் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பழைய சட்டத்தை எடுத்து ஒவ்வொரு பிரிவாக வாசித்தார். மற்றவர்களைத் தடுக்க அந்தப் புத்தகத்தில் எத்தனையோ ஓட்டை கண்டுபிடித்தவர், முதல் தடவையாக ஒரு வழி தேடினார். கடைசி அத்தியாயத்தில் இருந்தது. ஆணையம் இல்லாத காலத்தில், இந்தப் பொருளில் பொறுப்பேற்ற துறையின் செயலாளர் ஆறு மாதத்துக்குத் தற்காலிக உரிமம் வழங்கலாம். பொறுப்பேற்ற துறை எது? எவன் பதிவேட்டில் கோப்பு இருக்கிறதோ அவன் துறை. வேறென்ன!

இழுப்பறையைத் திறந்து வரவு முத்திரையை எடுத்தார். ஊதா மைத் தட்டில் இரண்டு தடவை ஒற்றினார். கோப்பின் முகப்பில், பதின்மூன்று மாதமாக வெறுமையாக இருந்த கட்டத்தில், அழுத்திக் குத்தினார். பதிவேட்டில் எண் போட்டார்: 4117. தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டார். கோப்பு தூக்குகிற அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "சார், குத்திட்டீங்களே!"

"ஆமாம்மா. இனிமே இதைத் தூக்க வேண்டாம்."

அதன்பின் அவர் ஒரு வேலை செய்தார், அது அவர்கள் உலகத்துக்காரர்களுக்குத்தான் தோன்றும். அன்றைய தபால் அத்தனையையும் எடுத்து, ஒன்றுவிடாமல் முத்திரை குத்தி, 4118, 4119 என்று வரிசையாக 4160வரை பதிவேட்டை ஓட்டிவிட்டார். பிறகு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார்.

முத்திரையைப் பார்த்ததும் செயலாளர் அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "திருப்பி அனுப்பச் சொன்னேன். என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க மேடம்."

"அடிச்சிடுங்க அதை. இப்பவே."

"அதுக்கு அப்புறம் நாப்பத்தி மூணு எண் ஓடிருச்சு மேடம். நடுவுல ஒண்ணை அடிச்சா காரணம் எழுதணும். ஏன் வாங்கினோம், ஏன் வேண்டாம்னு சொல்றோம்னு. மையில எழுதணும், உங்க கையெழுத்தோட."

இருபத்தாறு வருஷமாக மற்ற துறைகளுக்கு வெட்டிய குழியைச் சொந்தத் துறைக்கே வெட்டிவிட்டு நின்றார். செயலாளர் அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நீங்களா? யாருக்காக இதைப் பண்ணீங்க?"

"எங்க அக்காவுக்காக மேடம். பொய் சொல்ல விரும்பல. வலி வார்டுல இருக்காங்க." கோப்பை நாற்பத்தோராம் பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தார். "இதை மட்டும் படிங்க. நானும் போன வாரம்வரைக்கும் படிக்கல."

செயலாளர் அம்மாள் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். தொலைபேசி இரண்டு தடவை மணியடித்தது, எடுக்கவில்லை. ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டார். எழுபத்தொன்பதாம் பக்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க வாக்கியத்தை நான் மூணு கூட்டத்துல வாசிச்சுக் காட்டியிருக்கேன். நம்ம ஆளு எழுதினதுன்னு பெருமையா." கோப்பை வரைவு இருந்த பக்கத்துக்குத் திருப்பினார். "ஒரு குப்பி காணாமப் போனாலும் நான் வீட்டுக்குப் போகணும். நீங்களும் கூட வருவீங்க."

"வரேன் மேடம்."

செயலாளர் அம்மாள் பேனாவைத் திறந்து மூன்றாம் பிரிவின் கோடிட்ட இடத்தில் 'சுகாதாரத்' என்று எழுதினார். தற்காலிக உரிமத்துக்கான ஆணையை அங்கேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்து, மேலதிகாரியின் உத்தரவை மீறி வரவு முத்திரை இட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு, அதையும் மையில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார். "இதுக்கு வழக்கம்போல சாமர்த்தியமா பதில் எழுதிடாதீங்க" என்றார்.

உரிமம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கொள்முதல் உத்தரவு போய், கிடங்கிலிருந்து பெட்டி வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் சுவர் ஒவ்வொரு மேசையாக நின்று தள்ளினார். ஐந்தாம் நாள் காலை ஏழாம் கட்டில்காரி போய்விட்டாள். முந்தின நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம். அக்கா மகள் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொள்முதல் பிரிவில் ஒரு கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுக் கையெழுத்துக்கு மறுபடி கையை நீட்டினார்.

எட்டாம் நாள் மத்தியானம் வலி டாக்டர் தன் கையாலேயே அக்காவுக்கு முதல் ஊசி போட்டார். சுவரை ஏறிட்டுப் பார்த்து, "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார், எழுத்து வேலைன்னு சொன்னீங்க. ஆணையில உங்க பேரு இருந்துச்சு. உங்களாலதான் இது வந்துச்சு" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "என்னாலதான் டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

கால் மணி நேரத்தில் அக்காவின் விரல்கள் இரும்பை விட்டன. அரை மணி நேரத்தில் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. அவர் எத்தனையோ மாதமாகப் பார்க்காத பழைய முகம் வந்து அவள் தூங்கினாள். அக்கா மகள் வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தேம்பித் தேம்பி அழுதாள். அவர் அசையாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் இரண்டு தடவை ஊசி போட வந்தபோது முனகினாள், மற்றபடி கண் திறக்கவில்லை. மறுநாள் காலை வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் விழித்தாள். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி மேலே பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

"தூங்கிட்டேன்டா."

"ஆமாக்கா. நல்லாத் தூங்கினே."

"என்னடா மருந்து இது, மந்திரம் போட்ட மாதிரி இருக்கு? புதுசா கண்டுபிடிச்சிருக்காங்களா?"

தாமதமாக அனுமதி கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். சரக்கு இப்போதுதான் வந்தது என்றாலும் பொய்யில்லை. அப்படிப்பட்ட வாக்கியம் நூறு அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அக்காவிடம் சொல்லாமல் அவருக்கு எதுவும் நடந்த மாதிரி ஆகாதே!

"புதுசு இல்லக்கா. ரொம்ப நாளா இருக்கறதுதான்."

"அப்புறம் ஏன்டா இத்தனை நாள் தரல?"

"அக்கா, நான் ஒருநாள் வந்து சொன்னேனே, ஞாபகம் இருக்கா? மருந்துன்னா எங்களுது, போதைன்னா எங்களுது இல்லன்னு எழுதினேன்னு. இந்த மருந்துதான்க்கா அது. நான் வேண்டாம்னேன். என்னைப் பாத்து எல்லாரும் வேண்டாம்னாங்க. அதனால யாருக்கும் வரல." அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டார். "இந்த டாக்டரம்மா மாசா மாசம் எழுதினாங்க. நான் படிக்கவேயில்ல. நம்பர் மட்டும் போட்டு வெச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தார்; திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான் கை தட்டினேன், இல்ல?" என்றாள் அக்கா.

"நீ என்னக்கா பண்ணுவே? உனக்கு என்ன தெரியும்?"

அவள் தலையைத் திருப்பி ஏழாம் கட்டிலைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு மாற்றிப் போட்டிருந்தார்கள். இன்னும் ஆள் வரவில்லை.

"அவ கடைசி அஞ்சு நாள் நிக்காம கத்தினாடா" என்றாள். "நான் எண்ணிக்கிட்டே கெடந்தேன். அவளுக்கு உங்க ஆபீஸ்ல தம்பி யாரும் இல்லியா?"

"இல்லக்கா" என்றார் அவர்.

மருந்து இன்னும் அக்கா உடம்பில் இருந்தது. கண்ணை மூடி மறுபடி தூங்கிப்போனாள். டாக்டர் அடுத்த ஊசிக்கு வரும்வரை அவர் அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.